கையால் சுற்றும் ஃபேன்

கையை எடுத்தால் தலையைத் தூக்குவாள். தலையைத் தூக்கினால் அடுத்தது தரையில் மடார் என்று ஒரு இடி. அதனால் கையை எடுக்கக் கூடாது. ஸ்டூல் மேல் நின்று கரண்டு இல்லாத ஃபேனின் இறக்கையை விரல் நுனியால் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், ஒன்று போனால் அடுத்தது வருகிறது, அதைத் தள்ளினால் அதற்கடுத்தது, மூன்றே மூன்று இறக்கைதான், முடிவுதான் இல்லை. கீழே பாயில் என் மகள் வர்ணிகா மல்லாந்து கிடக்கிறாள். ஆறு வயது முடியப் போகிறது. ஃபேனை நேராகப் பார்க்க மாட்டாள், கடைக்கண்ணால்தான் பார்ப்பாள், மணவறையில் புதுப்பெண் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்று என் மனைவி ஈஸ்வரி முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். முன்பெல்லாம். இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போடுவார்களே, அந்த நாள். மற்ற வீடுகளில் முதல் நாளே தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைப்பார்கள், மாவு ஆட்டி வைப்பார்கள். இந்த வீட்டில் நான் லீவு போடுவேன். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்துகொண்டு பராமரிப்பு நாளில் லீவு கேட்கிறவன் நான் ஒருத்தன்தான். சமையல்காரன் பந்தி நேரத்தில் லீவு கேட்ட மாதிரி இருக்குய்யா சோலைராஜ் என்றார் எங்கள் இன்ஜினியர். சொல்லிக்கொண்டே கையெழுத்தும் போட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் கரண்டை நிறுத்துகிறவன் தன் வீட்டில் நின்று கையால் ஃபேன் சுற்றுகிறான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லைன் கிளியர் வாங்காமல் கம்பியில் கை வைக்கக் கூடாது. சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, லைனை நிறுத்தியாச்சா, நிறுத்தியாச்சு, யார் பேரில், சோலைராஜ் பேரில் என்று பேசி முடித்த பிறகுதான் கம்பத்தில் கால் வைக்க வேண்டும். அதே சோலைராஜ் இறங்கி வந்து, வேலை முடிந்தது என்று சொல்கிற வரைக்கும் ஆண்டவனே வந்து கேட்டாலும் கரண்டு விட மாட்டார்கள். இதை மறந்தவர்கள் எங்கள் ஆபீஸ் சுவரில் மாலையோடு இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட சட்டம் தெரிந்த நான், சுவிட்சைப் போட்டபடியே வைத்துக்கொண்டு ஃபேனில் கை வைத்திருக்கிறேன். சுவிட்சை அணைக்க முடியாது. கரண்டு போவதை அவள் ஒரு மாதிரியாகச் சகித்துக்கொள்வாள், சுவிட்சு மேல் பக்கம் நிற்பதைச் சகிக்க மாட்டாள். சுவிட்சு கீழே அமுங்கியிருக்க வேண்டும், ரெகுலேட்டர் ஐந்தில் நிற்க வேண்டும், அது மாறினால் உலகமே மாறிப்போன மாதிரி கத்துவாள். சரி, மெயினை இறக்கிவிடலாமே என்றால், மெயின் வெளியே மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கரண்டு போவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபேன் நின்றது, நின்றதும் அவள் நெற்றி தரைக்குப் போனது, நான் ஸ்டூலுக்கு ஓடினேன். இனி வெளியே போக வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறந்தால் அவள் ரோட்டுக்கு ஓடுவாள். அதற்காகத்தான் தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் அடித்து வைத்திருக்கிறோம். நல்லவேளை, எங்கள் ஃபோர்மேன் தர்மர் அண்ணனிடம் நேற்றே சொல்லி வைத்தேன். “கரண்டு விடுறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சிருங்கண்ணே” என்றேன். “ஏண்டா, வீட்டு ஃபேனுக்கு லைன் கிளியர் கேக்குற மொத ஆளு நீதாண்டா” என்றார். சட்டைப்பையில் போன் இருக்கிறது. அந்தப் போன்தான் எனக்கு லைன் கிளியர்.

ஈஸ்வரியும் அந்தப் போனில்தான் கூப்பிடுவாள். அவள் தன் அக்காவோடு மதுரைக்குப் பக்கத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லம் பார்க்கப் போயிருக்கிறாள். பார்க்க என்று சொல்கிறோம், பார்த்ததெல்லாம் போன மாதமே பார்த்தாகிவிட்டது, இன்றைக்குப் போயிருப்பது பதில் சொல்ல. ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறதாம், இன்று மதியத்துக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டுமாம். பேருந்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஈஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள், நான் டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்தேன். இந்தப் பேச்சு எங்களுக்குள் புழங்கத் தொடங்கியது பஸ் ஸ்டாண்டில் நடந்ததற்குப் பிறகு. ஈஸ்வரி வர்ணிகாவின் கையைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள். ஈரச் சோப்பு மாதிரி நழுவிட்டா என்று அன்றைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள், அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், என்னிடமும், கடைசியில் யாரும் இல்லாத சமையலறையிடமும். எதிரே வந்த லாரிக்காரர் பிரேக் அடித்துவிட்டார். இறங்கி வந்து எங்களைத் திட்டவில்லை, டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வர்ணிகா லாரியின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏன் நின்றுவிட்டது என்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஈஸ்வரி தூங்குவதில்லை. தன் முந்தானையைப் பிள்ளையின் இடுப்பில் முடிந்துகொண்டு படுக்கிறாள். ஒரு நாள் விடியற்காலை எழுந்து உட்கார்ந்து, ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: “நாம இருக்கும்போதே அவ அங்க பழகிட்டா, நாம இல்லாமப் போனது அவளுக்குத் தெரியாதுல்ல. நீங்க கம்பத்துல ஏறுற ஆளு. எனக்குச் சுகர். யோசிச்சுப் பாருங்க.” யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த வாக்கியம் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்பத்தில் ஏறும்போது, டீ குடிக்கும்போது, இதோ இப்போது. நாம் இல்லாமல் போனது அவளுக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைக்கு நாம் இல்லாதது தெரியக் கூடாது என்று எந்தத் தகப்பனாவது சாமியிடம் வேண்டுவானா, நான் வேண்டியிருக்கிறேன், வேண்டிவிட்டு வெளியே வந்து செருப்பைப் போடும்போது அழுகை வந்தது, செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்துகொண்டேன்.

தோள் வலிக்கிறது. கம்பத்தில் தொங்கி வேலை செய்த தோள், இது வலிக்கக் கூடாது, ஆனால் வலிக்கிறது. கம்பத்தில் வேலை முடிந்துவிடும், இறங்கிவிடலாம். இடது கைக்கு மாற்றினால் வேகம் குறையும், குறைந்தால் அவளுக்குத் தெரியும். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் காற்று வருகிறது, மேகம் கூடியிருக்கிறது, மழைக்கு முந்தைய வாடை. மழை வந்தால் கம்பத்தின் மேலே இருப்பவர்கள் வேலையைச் சட்டென்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தர்மர் அண்ணன் மறக்க மாட்டார். மறந்தால்? மாட்டார். ஃபேன் எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்காது, முதல் சுற்று மெதுவாகத்தான் வரும், கையை உருவிவிடலாம். இப்படி ஒரு கணக்குச் சொன்னவனைத்தான் போன வருஷம் தூக்கிக்கொண்டு போனோம், அவன் கம்பி வேறு, இது வேறு, சரி, வேறுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் இவளுக்கு ஃபேன்தான். என் தங்கை கல்யாணத்தில் மண்டபத்து ஃபேன்களை எல்லாம் பார்த்தபடி மணமேடைக்கு முன்னால் படுத்துவிட்டாள், போட்டோகாரர் அவளைத் தாண்டித் தாண்டி எடுத்தார், ஆல்பத்தில் அவள் கால் மட்டும் நிறையப் படங்களில் இருக்கிறது. வர்ணிகா என்ற பெயரை நட்சத்திரம் பார்த்து, எழுத்து பார்த்து, கூட்டுத்தொகை பார்த்து வைத்தோம். அந்தப் பெயருக்கு அவள் இன்றுவரை திரும்பியதில்லை. பெயர் சரியில்லை, மாற்றிப் பாருங்கள் என்று ஒருத்தர், காது மந்தம் என்று ஒருத்தர், செல்போன் காட்டி வளர்த்தீங்க என்று இன்னொருத்தர். காது நன்றாகத்தான் கேட்கிறது. நாலு வீடு தள்ளிக் கிரைண்டர் ஓடினால் பொத்திக்கொள்கிற காது அது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, எவ்வளவு நாள் மாத்திரை சாப்பிட வேண்டும் சார் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். மூடின விதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செம்பின் மேல் வைப்பாள். பிஸ்கட் டப்பா திறக்க வேண்டுமென்றால் டப்பாவின் மேல். என் முகத்தைப் பார்ப்பதில்லை, கைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். தெரபி மேடத்திடம் கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, “இப்போதைக்கு உங்க கை அவளுக்கு ஒரு கருவி மாதிரி சார்” என்றார். கட்டிங் பிளேயர் மாதிரியா மேடம் என்றேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. கருவியாக இருந்தால் என்ன. என் கட்டிங் பிளேயரை நான் யாருக்கும் தர மாட்டேன், தொலைந்தால் தேடுவேன். அவள் தேடுவாளா? அங்கே போய் முதல் நாள் தண்ணீர் வேண்டுமென்று யாரோ ஒருத்தர் மணிக்கட்டைப் பிடிப்பாள், அந்தக் கை தண்ணீர் கொடுத்துவிடும், அவ்வளவுதான், முடிந்தது. ஈஸ்வரி சொன்னது சரி. தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது. பெண் பிள்ளை வேறு. இன்னும் நாலைந்து வருஷம் போனால் ஈஸ்வரி ஒருத்தியால் தூக்கிப் பிடிக்க முடியாது, வேறு கவலைகளும் வரும், அவற்றை மனதுக்குள் முழுதாகச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை, பாதியிலேயே கதவைச் சாத்திவிடுகிறேன். அவள் ம்ம்ம் என்று முனகத் தொடங்கிவிட்டாள். வலியில் வருகிற முனகல் இல்லை, இது சுகம். இதைக் கேட்டால் எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும். இரு. நான் தள்ளும்போது முனகல் ஏறுகிறது, இறக்கை ஓய்ந்து வரும்போது இறங்குகிறது. வேண்டுமென்றே தாமதித்துப் பார்க்கிறேன், அவளும் இழுத்து நிறுத்துகிறாள், தள்ளுகிறேன், ஏறுகிறது. தற்செயலாக இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, தகப்பனுக்கு முனகல்கூடச் சங்கீதம். இன்னொரு முறை தாமதிக்கிறேன். அவளும் தாமதிக்கிறாள்.

போன். தர்மர் அண்ணனா, கையை எடுக்கவா, இல்லை, ஈஸ்வரி. இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பையிலேயே திரும்ப வைக்கிறேன். “என்னங்க, என்ன செய்றா?” “படுத்திருக்கா. நான் சுத்திக்கிட்டு இருக்கேன்.” “சாப்பிட்டாளா?” “பாதி இட்லி.” அவளுக்குப் பின்னால் ஏதோ குழந்தை கை தட்டுகிற சத்தம், ஒரே சீராக. “இடம் நல்லாத்தாங்க இருக்கு. சுத்தமா வச்சிருக்காங்க. சுவரு உசரமா இருக்கு, ரோடே தெரியல. ஒரு பிள்ளை வந்து என் வளையலைப் பிடிச்சு உருட்டி உருட்டிப் பாத்துச்சு. யாரு பெத்த பிள்ளையோ.” நல்லது என்கிறேன். நல்லது என்று ஏன் சொன்னேன். “இந்த இல்லத்து மேடம் கேக்குறாங்க. வெளிய இன்னொரு குடும்பம் உக்காந்திருக்கு, நாம வேணாம்னா அவங்களுக்காம். என்ன சொல்லட்டும்?” இறக்கை வருகிறது, தள்ளுகிறேன். “நீயே சொல்லு ஈஸ்வரி.” “அதான் முடியாது. நான் சொன்னா நாளைக்கு என்னையத்தான் குத்தம் சொல்லுவீங்க. நானும் என்னையத்தான் சொல்லுவேன். நீங்க உங்க வாயால சொல்லுங்க.” பையில் டிக் டிக் என்று ஒரு சத்தம். பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது கூப்பிட்டால் வருகிற சத்தம். யார் என்று எனக்குத் தெரியும். கையை எடுக்க வேண்டும், இந்த நிமிஷமே எடுக்க வேண்டும், வேறு ஒருவன் இப்படி நின்றால் காலைப் பிடித்துக் கீழே இழுத்திருப்பேன், ஆனால் எடுத்தால் அவள் தலையைத் தூக்குவாள், ஈஸ்வரி இன்னும் பதிலுக்கு நிற்கிறாள், “என்னங்க, சொல்லுங்க”, டிக் டிக், சரி என்று சொல்லப் போகிறேனா வேண்டாம் என்றா, வாய் திறந்துவிட்டது, எது வரப்போகிறது என்று எனக்கே தெரியாது, அப்போது விரலுக்குள் இருந்த இறக்கைக்கு உயிர் வந்தது. நான் தள்ளாமலே என் கையிலிருந்து அது தன் பாட்டுக்கு உருவிக்கொண்டு போனது. ஈரச் சோப்பு. ஈஸ்வரி சொன்னது இதுதானா. அந்த எண்ணத்தில் அரை நொடி நின்றுவிட்டேன், அடுத்த இறக்கை வந்து விரல் முட்டியில் அடித்தது.

பெரிய காயம் இல்லை. தோல் கிழிந்து ரத்தம் வருகிறது, நடுவிரல் மடங்க மறுக்கிறது, அவ்வளவுதான். ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, போன் பையிலிருந்து விழுந்து, கட்டாகி, பாய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது. மேலே ஃபேன் ஐந்தில் ஓடுகிறது, இறக்கையே தெரியாமல் வட்டமாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. அப்பாடா. இனி நான் உட்காரலாம். அவள் அதைப் பார்ப்பாள், நான் விரலைக் கழுவிவிட்டு ஈஸ்வரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், சரி என்று சொல்லிவிடலாம், என் வேலையை ஃபேன் எடுத்துக்கொண்ட மாதிரி அந்த இல்லம் எடுத்துக்கொள்ளட்டும், கரண்டு வந்துவிட்டால் கையால் சுற்றினவனை யார் நினைக்கப் போகிறார்கள். முனகல் நின்றிருக்கிறது. திரும்பினேன். வர்ணிகா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஃபேன் ஓடும்போது அவள் எழுந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேலே பார்க்கிறாள், உதடு பிதுங்குகிறது, அழுகை தொடங்கிவிட்டது. எதற்கு. எதற்கும்மா, ஃபேன் ஓடுதே, பாரு, ஓடுதே. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள், ரத்தம் வழிகிற கையைத்தான். பிடித்து மேலே தூக்கினாள். அவளுக்கு என் இடுப்பு உயரம்தான், எக்கி எக்கி, கால் விரலில் நின்று, என் கையை ஃபேனைப் பார்க்கத் தள்ளுகிறாள். ஓடுகிற ஃபேனுக்குள் கையை வைக்கச் சொல்கிறாள். கையைக் கீழே இழுத்தேன், அவள் விடவில்லை. பிறகுதான் புரிந்தது.

சுவிட்சுக்குப் போனேன். அவளும் என் மணிக்கட்டை விடாமல் கூடவே வந்தாள். அணைத்தால் கத்துவாள், இத்தனை வருஷமாகக் கத்தியிருக்கிறாள். அணைத்தேன். சுவிட்சு மேலே நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஃபேன் ஓய்ந்து நின்றது. தெருவெல்லாம் கரண்டு வந்துவிட்டது, பக்கத்து வீட்டு டிவி பேசுகிறது, எங்கோ மோட்டார் போட்டுவிட்டார்கள். நான் ஸ்டூலில் ஏறி, அடிபடாத இரண்டு விரலால் இறக்கையைத் தள்ளுகிறேன். ம்ம்ம் என்கிறாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். வந்த வேகத்திலேயே அதன் காலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்துவிட்டது. இவளுக்கு என் கை வேண்டும் என்று ஆகிவிட்டதே. நாளைக்கு வேலைக்குப் போனால் என்ன செய்வாள், கம்பத்தில் ஏறப்போனவன் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாள். தெரியக் கூடாது என்று வேண்டினேனே. இப்போது தெரியுமே.

போன் அடிக்கிறது. காலை நீட்டிப் பெருவிரலால் எட்டினால் ஸ்டூலோடு விழுவேன், இறங்கி எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஏறுவதற்குள் அவள் தலையைத் தூக்கிவிட்டாள், அவசரமாகத் தள்ளினேன். “ஏங்க கட்டாச்சு? கரண்டு வந்துருச்சா?” “வந்துருச்சு.” “அப்ப என்ன அந்த முனகல்? இன்னுமா முனகுறா?” “ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கேன்.” “கரண்டுதான் வந்துருச்சுங்கிறீங்களே?” “வந்துருச்சு. அவ அணைக்கச் சொல்லிட்டா. கையாலதான் சுத்தணுமாம்.” அந்த இடத்துக் குழந்தை இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது, ஒரே சீராக, யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. “சுவிட்ச அணைச்சீங்களா? கத்தலையா?” “கத்தல.” மூக்கை உறிஞ்சினாள். நான் பதில் சொல்ல வேண்டும், என் வாயால் சொல்ல வேண்டும். இறக்கை வருகிறது, தள்ளுகிறேன், அடுத்தது வருகிறது. “ஈஸ்வரி” என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல், வேறு எதையோ பார்த்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “இங்க ஃபேன் எல்லாம் ரொம்ப உசரத்துல இருக்குங்க. நீளக் கம்பி போட்டு, உச்சியில. அண்ணாந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஸ்டூல் போட்டாக்கூட யாருக்கும் எட்டாது.” பிறகு, “நான் பஸ் ஏறுறேன்” என்றாள். மேடத்திடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. போன் கட்டானது. தோள் இற்று விழுகிறது, கொஞ்சம் நிறுத்தி இடது கைக்கு மாற்றலாம் என்று கையை இறக்கினேன். அவள் தலையைத் தூக்கினாள். தள்ளினேன்.